மேயரைப் பார்க்க அறுநூறு டாலர்

கோடையில் எங்கள் ஜூனோ ஊருக்குச் சுற்றுலாக் கப்பல் வராத நாளே கிடையாது. காலையில் கண்ணைத் திறந்தால் ஊரைவிடப் பெரிதாக ஒன்று துறையில் நிற்கும். அதிலிருந்து இறங்குகிறவர்களில் காசுள்ளவர்கள் ஹெலிகாப்டரில் ஏறுவார்கள். காசுள்ளவர்களிலேயே கெட்டிக்காரர்கள் நகரப் பேருந்தில் ஏறுவார்கள். அந்தப் பேருந்தை ஓட்டுகிறவன் ஆர்விட் லுண்டீன்.

ஏறியதும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஏங்க, ஹெலிகாப்டர்ல பனியாத்து மேல கூட்டிட்டுப் போயி நாய் வண்டியில உக்கார வைக்கிறாங்களாமே, அந்தக் காசுக்கு அது பெறுமா?"

இந்தக் கேள்விக்காகவே ஆர்விட் பிறந்திருக்கிறான் என்று தோன்றும். அடுத்த நிறுத்தம் வரை பொறுத்திருந்து, வண்டியை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பி உட்கார்ந்துகொள்வான்.

"ஐயா, தலைக்கு அறுநூறு டாலர். அதுக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? பத்து நாயோட பின்பக்கம். அதையும் அரை மணி நேரம்தான் பாக்கலாம். நாய்ங்க ஓடிக்கிட்டே வெளிக்குப் போற காரியமும் பண்ணும், காத்து உங்க பக்கமாத்தான் அடிக்கும். பேசாம கடைசி ஸ்டாப்ல இறங்கி நடந்து போயிப் பனியாத்தைப் பாருங்க. அதுவும் பனி, இதுவும் பனி."

இருபது வருஷமாக இதே பேச்சு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதையாக, நாய்க்குக் கால் பங்கும் ஹெலிகாப்டருக்கு முக்கால் பங்கும் கொடுப்பதை எங்கள் ஊர்க்காரர்கள் யாருமே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஆர்விட் அளவுக்கு அதை ஒரு திருப்பணியாக எடுத்துச் செய்தவன் வேறு யாரும் இல்லை. அவன் ஒரு தடவைகூட மேலே போனதில்லை என்பது வேறு விஷயம். போகாதவன்தானே இவ்வளவு தெளிவாகப் பேச முடியும்.

இப்படிப்பட்ட ஆர்விட்டிடம் மூன்று வருஷத்துக்கு முன்னால் மேயர் வந்து சேர்ந்தார்.

மேயர் ஒரு நாய். ஆர்விட்டை 'அவன்' என்றும் நாயை 'அவர்' என்றும் நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதவி என்று ஒன்று இருக்கிறது. கொட்டுகிற மழையில், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில், சொந்தக்காரர் யாரென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் ஏறினார். முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரை ஒவ்வொருவரிடமாகப் போய் முகத்தைப் பார்த்து, முழங்காலில் ஒரு முன்காலை வைத்து, நலம் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து, டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்துகொண்டார். "மேயர் ஏறிட்டாருடா, வண்டியை எடு" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்த மேயர் முதல் மாதத்தில் சோபாவைத் தின்றார். இரண்டாவது மாதத்தில் கார் கொட்டகைக் கதவின் கீழ்ப் பாதியைத் தின்றார். ஆர்விட்டின் மனைவி பெர்னிஸுக்குக் கையுறை எத்தனை ஜோடி இருந்ததோ, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை மட்டும் தின்றார். இழுப்பதுதான் அவருடைய மெய்யான தொழில். எதில் கட்டினாலும் அது கூடவே கிளம்பிவிடும். பக்கத்து வீட்டு கஸ், ஆர்விட்டைப் போலவே பேருந்து ஓட்டுகிறவன், ஒரு நாள் பெரிய மனது பண்ணித் தன் கனூ படகில் கட்டிக்கொள்ளச் சொன்னான். வேலியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு லெமன் கிரீக் தெருவில் தண்ணீர் இல்லாமலே ஒரு படகு போனதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஆர்விட் அவரை நடத்திக் கூட்டிப் போவது ஒரு தனிக் காட்சி. ஓய்வு நாளிலும் அவன் கால் பேருந்துத் தடத்தை விட்டு விலகாது. நிறுத்தக் கம்பம் வந்தால் நின்றுவிடும். இருபது வருஷப் பழக்கம். நின்று, பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "லெமன் கிரீக். பாத்து இறங்குங்க" என்று யாருமில்லாத தெருவிடம் சொல்லுவான். பிறகு மேயருக்கு ஒரு துண்டு புகையிட்ட சால்மன் மீன். அடுத்த கம்பம், "ட்வின் லேக்ஸ். பாத்து இறங்குங்க." இன்னொரு துண்டு. அதற்கடுத்து ஆஸ்பத்திரி. எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிற மேயர் இந்தக் கம்பங்களுக்கு மட்டும் உட்கார்ந்து மரியாதை செய்தார்.

கம்பத்துக்கும் கம்பத்துக்கும் இடையில்தான் ஆபத்து. போன இலையுதிர் காலத்தில் அந்த இடைவெளியில் ஒரு கரடி குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டிருந்தது. மேயர் அதையும் நலம் விசாரிக்கக் கிளம்பினார். கரடி ஓடிவிட்டது. ஆர்விட்டின் தோள்பட்டை கழன்றுவிட்டது.

"இவனுக்கு ஓடணும், ஆர்விட்," என்று பெர்னிஸ் ஆஸ்பத்திரியிலேயே சொன்னாள். "நம்மகிட்ட இவனை வச்சுக்கிட்டிருக்கிறது பாவம். நம்ம சோபாவும் பாவம்."

அது உண்மை என்று ஆர்விட்டுக்குத் தெரியும். நாய் வண்டி ஓட்டுகிற டெஸ் என்ற பெண், கோடை முழுக்கப் பனியாற்றின் மேல் முகாம் போட்டிருந்துவிட்டு, சீசன் முடிந்து நாய்களோடு வடக்கே தன் பண்ணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மேயரைப் பார்த்தாள். தோளைத் தொட்டாள், காலை அமுக்கினாள், "இவனை நான் எடுத்துக்கிறேன்" என்றாள். அவள் கூட்டிப் போன அன்று ஆர்விட் வாசலுக்கே வரவில்லை. குளியலறையில் உட்கார்ந்துகொண்டு, வெளியே சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டான். வண்டி போய் ரொம்ப நேரத்துக்கு அப்புறமும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மேயரைப் பற்றி யாரும் பேசவில்லை. புது சோபா மட்டும் வந்தது.

இந்தக் கோடையில், ஜூன் மாதம், மளிகைக் கடையில் ஆர்விட் டெஸ்ஸைப் பார்த்தான். தள்ளுவண்டியில் மூட்டை மூட்டையாக எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேயரா? ஐயோ, அவன் இப்ப முன்னால ஓடுற நாய்! அவன் பின்னாலதான் மொத்தக் கூட்டமும் ஓடுது," என்றாள். "மேலதான் இருக்கான். வந்து பாருங்களேன்."

"சாப்பிடுறானா?" என்று ஆர்விட் கேட்டான். கேட்க நினைத்தது அதை அல்ல.

"ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுறான்."

"கீழ எப்ப வருவான்?"

"சீசன் முடிஞ்சாதான். இறங்கினதும் அப்படியே படகு ஏறி வடக்க போயிடுவோம். பாக்கணும்னா நீங்கதான் மேல வரணும்."

மேலே போக ஒரே வழிதான். பாதை கிடையாது, நடை கிடையாது, ஹெலிகாப்டர்தான். இருபது வருஷமாக எந்த டிக்கெட்டை வாங்காதீர்கள் என்று ஊருக்கு உபதேசம் பண்ணினானோ, அந்த டிக்கெட்.

மற்ற வழிகளையெல்லாம் ஆர்விட் முயன்று பார்க்காமல் இல்லை. டெஸ்ஸைத் தொலைபேசியில் கூப்பிட்டு, முகாமில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டான். "நாய்ப் பீ அள்ளுற வேலைதான் இருக்கு. அதுக்கும் ஆள் இருக்காங்க," என்றாள் அவள்.

"அள்ளி என்ன பண்ணுவீங்க?"

"மூட்டை கட்டி ஹெலிகாப்டர்ல கீழ அனுப்புவோம். பனியில போட்டு வைக்கக் கூடாது."

"அப்ப நாய்ப் பீ ஓசியில ஹெலிகாப்டர் ஏறுது. வரி கட்டுற மனுஷன் ஏறக் கூடாது."

"அது இறங்குது, ஆர்விட். ஏறலை."

வீட்டில் டிக்கெட்டுக்குக் காசு இல்லாமல் இல்லை. மாநிலம் வருஷா வருஷம் எண்ணெய்ப் பணத்தில் ஆளுக்கு ஒரு பங்கு தருகிறதே, போன வருஷத்துப் பங்கை பெர்னிஸ் தொடாமல் வைத்திருந்தாள். அது ஃப்ரீசருக்கு. கார் கொட்டகையில் இருக்கிற பழைய ஃப்ரீசர், மூடி நிற்காமல், மேலே இரண்டு பெயின்ட் டப்பாவை ஏற்றினால்தான் குளிர்ந்தது. ராத்திரி பகல் முனகியது. ஆகஸ்டில் சால்மன் வரும். எங்கள் ஊரில் கல்யாணமாகாமல் இருந்துவிடலாம், ஆகஸ்டில் ஃப்ரீசர் இல்லாமல் இருக்க முடியாது. பிடித்த மீனை எங்கே வைப்பது? குளிர்காலம் முழுக்க எதைத் தின்பது?

"பயணிகளுக்குச் சரியான தகவல் சொல்லணும்னா ஒரு தடவை நேர்ல பாத்துடறது நல்லதுன்னு தோணுது," என்றான் ஆர்விட் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே.

"இருபது வருஷமா தோணலையே," என்றாள் பெர்னிஸ்.

"தகவல் துல்லியமா இருக்கணும் இல்லையா?"

"கார் கொட்டகையில ஒண்ணு முனகுது பார். அது துல்லியமான தகவல்."

அதோடு அவன் பேச்சை விட்டுவிட்டான். ஆசையை விடவில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. நாயையும் பார்க்க வேண்டும், ஊர் சிரிக்கவும் கூடாது. அதற்கடுத்த சனிக்கிழமை மழையில் வீட்டுக் கூரைமேல் ஏறி, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அந்த முகாம் இரண்டு மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது அவனுக்குத் தெரியாததல்ல.

கீழே கஸ் வந்து நின்றான். "என்னடா ஆர்விட், அங்க என்ன பண்றே?"

"கூரை ஒழுகுதான்னு பாக்கிறேன்."

"பைனாகுலர் வச்சா?"

"சின்ன ஓட்டை."

இதையெல்லாம் சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பெர்னிஸ் வெளியே வந்து, ஏணியில் பாதி ஏறி, அவன் பூட்ஸைப் பிடித்து ஆட்டினாள். "கிழவா, இறங்கு. உனக்கு என்னதான் வேணும்? கஸ் போயிட்டான், சொல்லு."

ஆர்விட் பைனாகுலரைத் துடைத்தான். "அன்னைக்கு நான் வெளிய வரலை, பெர்னிஸ். அவன் வண்டியில ஏறும்போது திரும்பித் திரும்பி வாசலைப் பாத்திருப்பான். நான் குழாயைத் திறந்துவிட்டுட்டு உள்ள உக்காந்திருந்தேன். என்னை மறந்திருந்தா பரவாயில்லை. மறக்காம கோபமா இருந்தான்னா?"

"இருந்தா கடிப்பான்," என்றாள் பெர்னிஸ். "அதையும் அந்த அறுநூறுக்குள்ளயே சேத்துக்குவாங்க."

அன்று மாலையே இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள். ஃப்ரீசர் மேல் மூன்றாவதாக ஒரு பெயின்ட் டப்பாவைத் தூக்கி வைத்தாள். அவளைப் பற்றி இன்னும் நிறைய எழுதலாம், இது ஆர்விட்டின் கதையாகிப் போனதால் விடுகிறேன்.

இனி ஊர். ஹெலிகாப்டர் தளம் பேருந்துத் தடத்தில்தான் இருக்கிறது. ஊரில் அவனைத் தெரியாதவர் கிடையாது. ஆர்விட் ஒரு திட்டம் போட்டான். கப்பலில் வந்த சுற்றுலாக்காரனைப் போல வேஷம் போட்டுக்கொள்வது. துறைக்கு எதிர்க்கடையில் கண்ணாடிப் பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஒன்று, கடமான் படம் போட்ட தொப்பி ஒன்று வாங்கினான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குடை வாங்கினான்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. எங்கள் ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை. ஆனால் குடை பிடிப்பவன் கப்பலில் வந்தவனாகத்தான் இருப்பான். ஊர்க்காரன் நனைவான், துடைப்பான், மறுபடி நனைவான். பிறந்ததிலிருந்து குடை பிடித்திராத ஆர்விட், வாசலிலேயே அதை மேல்நோக்கி விரித்துவிட்டான். அது மழையைப் பிடித்து வைத்துக்கொண்டது.

பேருந்து வந்தது. ஓட்டி வந்தவன் கஸ். கதவைத் திறந்து, குடையைப் பார்த்து, தொப்பியைப் பார்த்து, கடைசியில் காலைப் பார்த்தான். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போட்டுக்கொள்கிற அதே பழுப்பு ரப்பர் பூட்ஸ் ஆர்விட்டின் காலில் இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"வாங்க சார்," என்றான் கஸ். "எந்தக் கப்பல்?"

"பெரிய கப்பல்," என்றான் ஆர்விட் தொண்டையை இறுக்கிக்கொண்டு.

"ஓ. பெரிய கப்பல்ல இந்த ஊர் ரப்பர் பூட்ஸ் எல்லாம் குடுக்கிறாங்களா?"

"ஓசியில."

"அம்மா யாரு, மனைவியா? அம்மாவை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

"என்னை அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க," என்றாள் பெர்னிஸ், சிரிப்பை உதட்டுக்குள் கடித்துக்கொண்டு.

"நாய் வண்டிக்குப் போறீங்களா? போறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க சார். இந்த ஊர்ல ஆர்விட்னு ஒருத்தன் இருக்கான். அந்தக் காசுக்கு அது பெறுமான்னு அவனைக் கேட்டுட்டுப் போங்க. பத்து பின்பக்கம்னு ஒரு கணக்கு வச்சிருக்கான்." பேருந்தில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த ஆர்விட், குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தான்.

தளத்தில் ஒவ்வொருவரையும் எடைத் தராசில் நிறுத்தினார்கள். ஹெலிகாப்டரில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பதற்காக. ஆர்விட் ஏறியதும் கௌன்டரில் இருந்த பெண் முள்ளைப் பார்த்தாள், ஆர்விட்டைப் பார்த்தாள். "மிஸ்டர் லுண்டீன், மழைக்கோட்டுப் பையில என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"கோட்டு கண்ணாடியா இருக்கு, மிஸ்டர் லுண்டீன். மீன் தெரியுது."

புகையிட்ட சால்மன். ஒரு கிலோ இருக்கும். நாய்களுக்கு வெளித்தீனி கொடுக்கக் கூடாது என்று அவள் ஒரு பெட்டியைக் காட்டினாள். ஆர்விட் போட்டான். குடையையும் வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு மூடுபனி இறங்கி, எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். இன்றைக்குப் பறக்க முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்று ஆர்விட்டின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. பெர்னிஸ் அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். கடைசியில் மூடுபனி விலகியது.

மேலே எல்லாம் வெள்ளை. வரிசை வரிசையாகச் சின்ன மர வீடுகள், அவற்றின் மேல் ஏறி நின்று குரைக்கிற நாய்கள். சத்தம் காதைப் பிய்த்தது. முகாமில் கொடுத்த சிவப்புக் கோட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, மூக்கில் வெயில் களிம்பைப் பூசிக்கொண்டு ஆர்விட் நின்றான். வண்டியில் பத்து நாய்களைப் பூட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், தோள் புடைத்து, மயிர் மினுங்கி, மேயர்.

"முன்னால போகாதீங்க," என்றாள் டெஸ். "ஓடணும்னு வெறியில இருக்காங்க. ஓடி முடிச்சதும் கொஞ்சலாம்."

"மேயர்," என்று ஆர்விட் மெதுவாகக் கூப்பிட்டான். குரைப்பில் அவனுக்கே கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டான். மேயர் நேராகத் தடத்தைப் பார்த்துக்கொண்டு துள்ளினார். ஒரு காது கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆர்விட் கூப்பிடுவதை விட்டுவிட்டான். வண்டியில் ஏறி பெர்னிஸ் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் கட்டியிருந்த இன்னொரு வண்டியில் அரிசோனாவிலிருந்து வந்த ஒரு தம்பதி. டெஸ் குரல் கொடுத்தாள். அந்தக் கணமே குரைப்பு நின்று, பத்து நாயும் ஓடத் தொடங்கின. பனியில் வண்டி வழுக்குகிற சத்தம் மட்டும்.

"நல்லா இருக்கான், ஆர்விட்," என்றாள் பெர்னிஸ் அவன் காதருகில். "பார், எவ்வளவு சந்தோஷமா ஓடுறான்."

"பாக்கிறேன்," என்றான் ஆர்விட். "பத்து பின்பக்கம்."

"இவனைப் பழக்க நான் பட்ட பாடு இருக்கே!" என்று பின்னால் நின்று ஓட்டிக்கொண்டே டெஸ் சொன்னாள். "மூடுபனியில வழி தெரியறதுக்குத் தடத்துல கம்பம் நட்டிருப்போம். போன குளிர்காலம் ஒவ்வொரு கம்பத்துக்கும் உக்காந்துடுவான். உக்காந்து பின்னாடி திரும்பிப் பாப்பான். எதுக்குன்னு எனக்குப் புரியவே இல்லை. ஒரு வழியா அந்தப் பழக்கத்தை மறக்கடிச்சாச்சு."

மறக்கடித்தாகிவிட்டது. நல்லதுதானே என்று ஆர்விட் நினைத்துக்கொண்டான். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் கலங்கியது. தூரத்தில் முதல் கம்பம் வந்தது. இருபது வருஷத்து வாய் அவனைக் கேட்டுக்கொண்டா பேசும்? அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"லெமன் கிரீக். பாத்து இறங்குங்க."

மேயரின் இரண்டு காதும் நிமிர்ந்தன. ஓடிக்கொண்டிருந்தவர், கம்பத்துக்கு நேராக, பனியில் பின்பக்கத்தை வைத்து உட்கார்ந்தார். பின்னால் வந்த ஒன்பது நாய்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் மோதி, கயிறு சிக்கி, ஒரு பெரிய ரோமக் குவியலாகிவிட்டன. வண்டி ஒருக்களித்து நின்றது. குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து மேயர் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். சிவப்புக் கோட்டையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. ஆர்விட்டைப் பார்த்து, தன் துண்டு மீன் எங்கே என்கிற முகத்தோடு, வாலால் பனியை அடித்தார்.

ஆர்விட் எப்படி இறங்கினான், எத்தனை தடவை விழுந்தான் என்பதை அவனாலும் சொல்ல முடியாது. போய்க் கட்டிக்கொண்டான். மேயர் அவன் மூக்கிலிருந்த களிம்பை முழுவதும் நக்கித் தின்றார். இரண்டு பைகளிலும் மூக்கை விட்டுத் தேடினார். "அன்னைக்கு நான் பாத்ரூம்ல இருந்தேன்டா," என்றான் ஆர்விட் அழுதுகொண்டே. "குழாயைத் திறந்துவிட்டுட்டு உக்காந்திருந்தேன்டா." மேயருக்கு அந்த விவகாரம் நினைவிருந்ததாகத் தெரியவில்லை. மீன் நினைவிருந்தது.

"நீங்கதானா அது?" என்று டெஸ் கத்தினாள், கயிற்றைப் பிரித்துக்கொண்டே. "அந்தக் கம்பம், அந்த உக்கார்றது, எல்லாம் நீங்கதானா? ஒரு குளிர்காலம் முழுக்கப் பாடுபட்டேன், ஆர்விட்!"

"இனிமே வாயைத் திறக்கமாட்டான்," என்று பெர்னிஸ் வாக்குக் கொடுத்தாள்.

திறக்கத் தேவையே இருக்கவில்லை. அடுத்த கம்பத்தில் மேயர் தானாகவே உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார். எல்லாரும் ஆர்விட்டைப் பார்த்தார்கள். நாய் வாலையாவது நிமிர்த்தலாம் போலிருக்கிறது, மேயரைக் கிளப்ப முடியவில்லை. டெஸ் கையை விரித்தாள். "சொல்லித் தொலைங்க."

"ட்வின் லேக்ஸ். பாத்து இறங்குங்க," என்றான் ஆர்விட். மேயர் திருப்தியாக எழுந்து இழுத்தார்.

மூன்றாவது கம்பத்தில் அரிசோனாக்காரர் பின்வண்டியிலிருந்து எழுந்து நின்றார். காசு கொடுத்தவர், சண்டைக்குத்தான் வருகிறார் என்று டெஸ் முகம் சுருங்கியது. "இது எந்த ஸ்டாப்?" என்று அவர் கேட்டார்.

"ஆஸ்பத்திரி."

"என் மாமியார் இங்கதான் இறங்கணும்," என்றார் அவர். அவர் மனைவி தொப்பியால் அவரை அடித்தாள்.

இப்படியே ஒவ்வொரு கம்பமாக நின்று போனதில், முழுச் சுற்றுப் போக வேண்டிய வண்டி பாதிச் சுற்றுகூடப் போகவில்லை. ஹெலிகாப்டர் வந்துவிட்டது என்று முகாமிலிருந்து கூப்பிட்டதும் திருப்பிக்கொண்டு வந்தார்கள். திரும்புகிற வழியிலும் எல்லா நிறுத்தத்திலும் வண்டி நின்றது. புறப்படும்போது ஆர்விட் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அடுத்த கூட்டம் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. மேயர் ஹெலிகாப்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தடத்தைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை இருந்தது. ஆர்விட்டுக்கு அதில் வருத்தமே வரவில்லை. மலையைத் தாண்டும் வரை சிரித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் வந்தான்.

ஆகஸ்டில், சால்மன் வந்த அதே வாரம், ஃப்ரீசர் செத்துப்போனது. மூன்று பெயின்ட் டப்பாவும் அதைக் காப்பாற்றவில்லை. லுண்டீன் வீட்டு மீன் இப்போது தெருவில் ஆறு வீட்டு ஃப்ரீசர்களில் குடியிருக்கிறது. சொந்த மீனைத் தின்ன, பெர்னிஸ் ஒவ்வொரு சாயங்காலமும் பாத்திரத்தோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கஸ் வாடகை என்று சொல்லி நாலில் ஒரு மீனை எடுத்துக்கொள்கிறான். போதாததற்கு, தினமும் காலையில் ஆர்விட்டின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு குடையை விரித்து வைத்துவிட்டுப் போகிறான்.

சீசன் முடிகிற சமயம். கடைசிக் கப்பல்களில் ஒன்றிலிருந்து இறங்கிய வயதான தம்பதி பேருந்தில் ஏறினார்கள். "ஏங்க," என்று அந்த அம்மாள் கேட்டாள், "அந்த நாய் வண்டி... அவ்வளவு காசு குடுத்துப் போறது பெறுமா?"

பேருந்தில் இருந்த ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஆர்விட் அடுத்த நிறுத்தம் வரை பொறுத்திருந்தான். வண்டியை நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு திரும்பி உட்கார்ந்தான்.

"அது ஆளைப் பொறுத்த விஷயம்மா," என்றான். "மேல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"